பக்கத்துக் கட்டிலின் மண்ணீரல்

பொறாமைப்பட எனக்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்பட்டதில்லை. பக்கத்துக் காட்டு மஞ்சள் எங்கள் மஞ்சளைவிட ஒரு சாண் உயரமாக நின்றால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. கல்யாணப் பந்தியில் அடுத்த இலையில் விழுகிற லட்டு என் இலை லட்டைவிடப் பெரிதாகத்தான் தெரியும். இது என்னைப் பெற்றவளுக்கும் தெரியும், கட்டிக்கொண்டவருக்கும் தெரியும். ஆனால் ஒரு மனிதருக்கு வயிற்றுக்குள் மண்ணீரல் இருக்கிறது என்பதற்காக அவர்மேல் பொறாமைப்படுவேன் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

எங்கள் ஊர் நாமகிரிப்பேட்டைக்குப் பக்கம். மஞ்சளும் குச்சிக்கிழங்கும் போடுகிற குடும்பம். என் வீட்டுக்காரருக்கு ஐம்பத்தாறு வயதில் சாப்பாடு நெஞ்சோடு நிற்க ஆரம்பித்தது. முதலில் களியைக் குறை சொன்னார், அப்புறம் என் கைப்பக்குவத்தைக் குறை சொன்னார். சேலத்தில் குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பையின் மேல்பக்கத்தில் புற்றுநோய் என்றார்கள். நாலு தடவை மருந்து ஏற்றினார்கள். பிறகு ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

அன்றைக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டருக்கு இரண்டு இரைப்பைகள். முதலில் உள்ளே போனவர் சேலம் அம்மாப்பேட்டைக்காரர், தறி ஓட்டுகிறவர். அவருடைய மனைவியும் நானும் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். கொண்டுவந்த இட்லியில் பாதியை என் கையில் வைத்து, "சாப்பிடுங்கக்கா, நாம விழுந்துட்டா அவங்கள யார் பார்க்கறது" என்றாள். மூன்று மணி நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். தட்டில் பாதி இரைப்பையைக் காட்டினார். கட்டி கீழ்ப்பக்கம் இருந்ததாம், அந்த அளவோடு எடுத்தாயிற்று என்றார். அவள் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அடுத்து எங்கள் முறை. இரண்டு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தபோது முடிந்துவிட்டது என்று எழுந்தேன். முடியவில்லை. ஒரு காகிதத்தோடு நர்ஸ் முன்னால் வந்தாள், பின்னால் டாக்டர்.

"கட்டி மண்ணீரலோட ஒட்டிப்போயிருக்கும்மா. பிரிச்செடுத்தா ரத்தம் நிக்காது, நோயும் மிச்சம் இருந்துடும். இரைப்பை முழுசையும் எடுக்கறோம், மண்ணீரலையும் சேர்த்து எடுத்துடணும். கையெழுத்துப் போடுங்க."

"மண்ணீரல்னா என்னங்க?" என்றேன்.

டாக்டர் யோசிப்பதற்குள் நர்ஸ் சொல்லிவிட்டாள். "கறிக்கடையில சுவரொட்டின்னு வாங்குவீங்களே, அதும்மா."

எனக்குப் புரிந்துவிட்டது. நன்றாகவே புரிந்தது. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் ஊற வேண்டும் என்று மூன்று மாதம் அதைச் சுட்டும் வறுத்தும் எனக்குக் கொடுத்தார்கள். அது இல்லாமல் ஒரு ஆள் இருக்க முடியுமா என்று கேட்டேன். இருக்கலாம், காய்ச்சல் விஷயத்தில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும் என்றார். கையெழுத்துப் போட்டேன். காகிதத்தில் என் பெயர் என் பெயர்போலவே இல்லை. திரும்பிப் பார்த்தால் அம்மாப்பேட்டைக்காரி சுவரில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தத் தூக்கத்தைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. ஒரே டாக்டர், ஒரே நாள், ஒரே நோய். அவளுக்கு மட்டும் ஏன் பாதியோடு விட்டது?

வார்டிலும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்தான். வயிற்று ஆபரேஷன் ஆனவர்களுக்குக் காற்றுப் பிரிந்தால்தான் குடல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். டாக்டர் தினமும் காலையில் வந்து முதலில் கேட்பது அதைத்தான். மூன்றாம் நாள் காலை அம்மாப்பேட்டைக்காரருக்குப் பிரிந்தது. அவள் வார்டு முழுக்கக் கேட்கும்படி, "பிரிஞ்சிடுச்சுங்க சார்!" என்றாள். பேரப்பிள்ளை பிறந்த சந்தோஷம் அவள் முகத்தில். நான் என் வீட்டுக்காரரை முறைத்தேன். அவர் மூக்கில் குழாயோடு பரிதாபமாகப் பார்த்தார். நாலாம் நாளும் இல்லை. ஐந்தாம் நாள் மத்தியானம்தான் வந்தது. அதற்குள் அந்தக் கட்டில்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறை வரைக்கும் நடந்துவிட்டார். அவருக்கு இளநீர் கொடுக்கச் சொன்ன அன்றைக்கு எங்களுக்கு இன்னும் வயிற்றில் வைத்த குழாய் வழியாகத்தான் ஆகாரம். ஒருவருக்கு இளநீர் வெட்டுகிற சத்தத்தில் இன்னொரு பெண்ணுக்கு அழுகை வரும் என்பதை ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் நம்புவார்கள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். மண்ணீரல் இல்லாதவர் உடம்புக்குச் சில கிருமிகளை எதிர்க்கத் தெம்பு போதாது. அதற்குத் தடுப்பூசிகள் உண்டு, தவறாமல் போட வேண்டும். ஊசி போட்டாலும், காய்ச்சலோ குளிரோ வந்தால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, எந்த நேரமானாலும் கிளம்பிவிட வேண்டும். இதையெல்லாம் எழுதிய ஒரு சின்ன அட்டையைக் கொடுத்து, எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கட்டும் என்றார்.

அம்மாப்பேட்டைக்காரி பக்கத்துக் கட்டிலில் இருந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுக்காரருக்கும் இந்த ஊசி போடணுமா சார்?" என்றாள்.

"அவருக்கு வேண்டியதில்லம்மா. அவருக்கு மண்ணீரல் இருக்கு."

இருக்கு. ஒரே ஒரு வார்த்தை. சேலத்திலிருந்து ராசிபுரம் வந்து எங்கள் ஊர் வந்து சேரும் வரைக்கும் அது என் காதுக்குள் குடைந்துகொண்டே வந்தது.

அடுத்து நான் செய்ததை இன்றைக்கும் யாரிடமும் பெருமையாகச் சொல்ல முடியாது. எல்லார் வீட்டையும் பார்த்துப் பொருமுகிறவளுக்குத் தன் வீட்டைப் பார்த்து யாராவது ஐயோ பாவம் என்று சொல்வது தாங்காது. என் வீட்டுக்காரருடைய அக்கா, நான் நங்கை என்று கூப்பிடுகிறவர், அடுத்த தெருவில் இருக்கிறார். அவர் வந்து என்ன ஆபரேஷன் என்று கேட்டபோது, "அல்சரு முத்திப்போச்சுங்க நங்கை. கீழ்ப்பக்கம் பாதி எடுத்துட்டாங்க, அவ்வளவுதானுங்க" என்றேன். அதாவது அம்மாப்பேட்டைக்காரருக்கு நடந்த ஆபரேஷனை எடுத்து என் வீட்டுக்காரருக்கு நடந்ததாகச் சொல்லிவிட்டேன். ஊரும் அதையே நம்பியது. மருந்து ஏற்றியதில் முடி கொட்டியதற்குக்கூட அல்சர் மாத்திரையின் சூடு என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். சட்டைப் பை அட்டையை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். டீக்கடையில் குனியும்போது விழுந்து யாராவது எடுத்துப் படித்துவிட்டால்?

அவர் மறுத்துப் பேசவில்லை. "உனக்கு எப்படித் தோணுதோ சொல்லிக்க புள்ள" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கறிக்கடைக்குப் போய்ச் சுவரொட்டி வாங்கினேன். தின்றால் முளைத்துவிடாது என்று தெரியாத அளவுக்கு நான் ஒன்றும் அசடு இல்லை. இருந்தாலும் வாங்கினேன். அவரால் மூன்று துண்டுக்கு மேல் முடியாது. முழு இரைப்பையும் போனவருக்கு ஒரு நாளைக்கு ஆறேழு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு கையளவு. இனிப்பு கொஞ்சம் கூடினால் வேர்த்துக் கொட்டிப் படபடப்பு வந்துவிடும். இந்த நேரத்தில்தான் அம்மாப்பேட்டையில் இருந்து போன் வரும். "அக்கா, இன்னிக்கு இவரு அரை பிளேட் பிரியாணி சாப்பிட்டாருக்கா!" நல்லதும்மா, நல்லதும்மா என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பேன். வைத்த கையோடு ஏதாவது ஒரு பாத்திரம் சத்தமாகக் கீழே விழும்.

அதைவிட மோசம், அந்த இரண்டு ஆண்களும் சிநேகிதர்களாகிவிட்டார்கள். தினமும் நாலு மணிக்கு அவர் தறியை நிறுத்திவிட்டு டீ குடிக்கிற நேரம், இவர் மோட்டார் ரூம் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு போனை எடுப்பார். என்னிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் அங்கே அரை மணி நேரம் பேசுவார். சிரிப்புச் சத்தம் வேறு. மாட்டுக்குத் தீவனம் போடுகிற சாக்கில் பக்கத்தில் போய் நின்று கேட்டிருக்கிறேன். எதைத் தின்றால் ஏப்பம் வருகிறது, எப்படிப் படுத்தால் கசப்புத் தண்ணீர் தொண்டைக்கு ஏறாமல் இருக்கிறது, இதுதான் பேச்சு. ஒருநாள், "எனக்குப் பயமா இருக்குதுங்க" என்று இவர் அந்தத் தறிக்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது. முப்பது வருஷத்தில் என்னிடம் அந்த வார்த்தையை இவர் சொன்னதில்லை. அன்றைக்கு எனக்கு அந்த மனிதருடைய மண்ணீரல்மேல் இருந்த எரிச்சல் போய், அவர் வைத்திருந்த போன்மேல் வந்தது.

இப்படி ஒன்றரை வருஷம் ஓடியது. மாரியம்மன் திருவிழா வந்தது, எங்கள் பேச்சில் நோம்பி.

எங்கள் பக்கத்தில் நோம்பி சாட்டிக் கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால், அதைப் பிடுங்குகிற நாள் வரைக்கும் ஊர்க்காரர்கள் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. வெளியூர் போனாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். பெண்கள் தினமும் காலையில் குடத்தில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் அதில் தவறுவதே இல்லை. யார் குடம் பளபளப்பாக இருக்கிறது, யார் சேலை புதுசு என்று பார்ப்பதற்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது.

கம்பம் நட்ட நாலாம் நாள். காலை பத்து மணி இருக்கும். ஊற்றி முடித்து ஈரச் சேலையோடு நிற்கிறேன். போன் அடித்தது. அம்மாப்பேட்டைக்காரி.

"அக்கா, கிளம்பிட்டீங்களா? எந்த இடம் வந்திருக்கீங்க?"

"எங்கீம்மா?"

"அண்ணனுக்குக் காய்ச்சல்னு நேத்து எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னாராமேக்கா! ஊருல கம்பம் நட்டிருக்காங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கிட்டாராம். இந்த மனுஷன் ராத்திரியெல்லாம் புரண்டுட்டு இப்பத்தான் என்கிட்ட சொல்றார். மண்ணீரல் இல்லாதவருக்கு என்னக்கா இது விளையாட்டு?"

எனக்குக் காய்ச்சல் என்பதே தெரியாது. கட்டில் தனி, தலைமாட்டை உயர்த்திப் படுப்பவர், முந்தின நாள் சாயந்திரம் அசதியாக இருக்கிறது என்று போர்த்திக்கொண்டார். காலையில் கஞ்சி வேண்டாம் என்றார். நான் கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் சரி என்று வந்துவிட்டேன். இப்போது அந்த நொடியில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தெரியாதே அம்மா, இதோ ஓடுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "தெரியுமும்மா. கிளம்பீட்டேதான் இருக்கறோம்." அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை.

குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

வீட்டில் நங்கை எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். என் வீட்டுக்காரர் கட்டிலில் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். உதடு வெளுத்துப்போயிருந்தது. தலையணைக்கு அடியில் காய்ச்சல் மாத்திரை அட்டை, மூன்று பிரித்திருந்தது. நங்கை கால்மாட்டில் வேப்பந்தழை விரித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, பயந்துக்காத. நோம்பி சாட்டுன ஊருல காச்சல்னா ஆத்தா வந்திருக்கறான்னு அர்த்தம். மஞ்சத்தண்ணி தெளிச்சுப் படுக்க வெச்சா ரெண்டு நாள்ல எறங்கிப்போயிருவா."

"இல்லீங்க நங்கை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போறேன்."

"காச்சலுக்குப் போயி ஆஸ்பத்திரியா? அங்க படுக்க வெச்சிருவாங்க. கம்பம் நட்டிருக்குது, எல்லை தாண்டி ராத்தங்கறதா? ஊரு என்ன பேசும்? இங்கயே நர்ஸம்மாவ வரச்சொல்லி ஊசி போடலாம். அல்சரு ஆபரேசன் பண்ணுன ஒடம்புக்குக் காச்சலு என்ன பண்ணீரும்?"

வாசலில் அதற்குள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லாரும் எனக்குப் பிடிக்காதவர்கள். எல்லார் வீட்டிலும் ஆண்கள் முழுசாக இருந்தார்கள்.

"அல்சரு இல்லீங்க நங்கை" என்றேன். "கேன்சருங்க. முழு இரைப்பையையும் எடுத்துட்டாங்க. மண்ணீரலும் இல்லீங்க அவருக்கு. காச்சல் வந்தா உசுருக்கே ஆபத்துன்னு சொல்லித்தான் அனுப்புனாங்க. நாந்தான் பொய் சொன்னேன்."

 நங்கை கையில் தழையோடு என்னையே பார்த்தார். "மண்ணீரல்னா?"

"சொவரொட்டிங்க."

"ஒன்றரை வருசமா எந்தம்பிக்குச் சொவரொட்டி இல்லீன்னு எங்கிட்டச் சொல்லுல நீயி" என்றார். என்னை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். தழையைத் தூக்கி எறிந்துவிட்டு, "காரு ஆரு ஊட்டுல நிக்குது? கூப்புடு. ஆத்தாகிட்ட நாஞ் சொல்லிக்கறேன்" என்று வாசலைப் பார்த்துக் கத்தினார். எங்கள் மஞ்சளைவிட ஒரு சாண் உயரமாக வளர்க்கிற அந்தப் பக்கத்துக் காட்டுக்காரர்தான் காரை எடுத்தார்.

என் வீட்டுக்காரர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். சேலைக்கு மேலேயே அனல் அடித்தது. ராசிபுரம் தாண்டும்போது ஏதோ உளறினார். அதற்கு அப்புறம் உளறவும் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அம்மாப்பேட்டைக்காரர்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். தள்ளுபடுக்கை தயாராக இருந்தது. பழைய பைல் நம்பரைச் சொல்லி உள்ளே எடுத்துவைக்கச் சொல்லியிருந்தார்கள். மண்ணீரல் எடுத்தவர் காய்ச்சலோடு வருகிறார் என்று அவசரப் பிரிவு டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அந்தத் தறிக்காரர், பாதி இரைப்பைக்காரர், என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டே கதவு வரைக்கும் ஓடினார். நான் ஈரச் சேலையோடு பின்னால் ஓடினேன்.

டாக்டர் ஒரு சின்னப் பெண். ரத்தம் எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டாள், "காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சது?"

முந்தின நாள் சாயந்திரம் போர்த்திக்கொண்டது மட்டும்தான் எனக்குத் தெரியும். 

"நேத்து சாயங்காலம் மூணரைக்குங்க டாக்டர்" என்றாள் அம்மாப்பேட்டைக்காரி. "முதல்ல குளிர் நடுக்கம். நாலு மணிக்கு ஒரு மாத்திரை போட்டிருக்கார்."

"நீங்கதான் மனைவியா?" என்று டாக்டர் அவளிடம் கேட்டாள்.

"இல்லங்க, இவங்கதான்" என்று அவள் என்னைக் காட்டினாள். குத்திக்காட்டவில்லை. அவளுக்கு அந்தப் புத்தியே கிடையாது. அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாக எரிந்தது.

நாலு நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். ரத்தத்தில் கிருமி கலந்திருந்தது, ரத்த அழுத்தம் விழுந்துபோயிருந்தது. முதல் இரண்டு நாளும் டாக்டர்கள் எனக்கு எந்த உறுதியும் கொடுக்கவில்லை. அவள் தினமும் காலையில் எனக்கு மாற்றுச் சேலையும் இட்லியும் கொண்டுவந்தாள். தின்றேன். நன்றி சொன்னேன். அவளுடைய வீட்டுக்காரர் வராந்தாவில் நல்ல நிறத்தோடு உலாத்துவதைப் பார்க்கப் பிடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து தின்றேன்.

ஐந்தாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது, ஆனால் கண்ணில் அவர் திரும்பி வந்திருந்தார். கஞ்சியைக் கரண்டியில் எடுத்து ஊதிக்கொண்டே, இத்தனை நாளும் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"ஏனுங்க, கட்டுன பொண்டாட்டி நானு ஊட்டுக்குள்ள குத்துக்கல்லாட்டம் இருக்கறேன். எங்கிட்டச் சொல்லாம அம்மாப்பேட்டைக்குப் போன் பண்ணி அவருகிட்டச் சொல்லீருக்கறீங்களே. நோம்பின்னா எங்கிட்டச் சொல்லக் கூடாதுங்களா?"

அவர் கஞ்சியை விழுங்கினார். என் முகத்தைப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை.

"நோம்பிக்காக இல்ல புள்ள. உங்கிட்டச் சொன்னா, அவருக்கு வரலயே, நமக்கு மட்டும் வந்திருச்சேன்னுதான் மொதல்ல நெனப்பே. எனக்கு அப்பறந்தான் பயப்படுவே. அதைப் பாக்கறதுக்கு எனக்குத் தெம்பில்ல."

அப்படியெல்லாம் இல்லை என்று சண்டைக்குப் போக வாயெடுத்தேன். காரில் வந்ததுதான் ஞாபகம் வந்தது. ராசிபுரம் தாண்டி, அவர் உளறுவதை நிறுத்தி, என் மடியில் கொதித்துக்கொண்டு கிடந்தபோது, நான் மாரியாத்தாவிடம் அவர் உயிரைக் கேட்கவில்லை. அம்மாப்பேட்டைக்காரியின் வீட்டுக்காரருக்கு ஏன் இது வரவில்லை என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.